எண்ணாய் நின்றவர்க்குப் பெயர் மீட்போம்

நம் கல்விக் கழகம் வெள்ளி விழாக் காணும் இந்நன்னாளில், மலருக்கு வரலாற்றுக் கட்டுரை ஒன்று வரைந்து தருமாறு கழகத்தார் எம்மைப் பணித்தனர். முடியுடை வேந்தர் வரலாறும் அவர்தம் போர்களின் வரலாறும் பாடநூல்களில் நிரம்ப உள்ளன. அவற்றையே மீண்டும் எழுதுவதினும், நம் வீட்டுப் பரண்களிலும் துருப்பிடித்த தகரப் பெட்டிகளிலும் உறங்கிக் கிடக்கும் வரலாறு ஒன்றனை நம் இளைஞர்க்கு எடுத்துக் காட்டுதல் நலம் என எண்ணினோம்.

திருநின்றவூரிலும், மேற்கே திருவள்ளூர் வரையிலும், வடக்கே கும்மிடிப்பூண்டி வரையிலும் உள்ள நம் குடியிருப்புகளில், “எங்கள் பாட்டனார் பட்டாளத்தில் இருந்தார்” என்று கூறும் குடும்பங்கள் பல உள. “எந்தப் படை? எந்தப் போர்? எந்த நாட்டில் நின்றார்? அவருடைய படை எண் யாது?” என வினவினால் விடை கூறுவோர் மிகச் சிலரே. ‘பட்டாளத்தார் வீடு’ என்னும் பெயர் எஞ்சியுள்ளது. பட்டாளத்தாரின் பெயரோ மறைந்து வருகின்றது. அப்பெயரை மீட்டல் இயலுமா, இயலுமெனின் எவ்வாறு என்பதே இக்கட்டுரையின் பொருள்.

படைவாயில் திறந்ததும் அடைபட்டதும்

1780-ஆம் ஆண்டு செப்டம்பர் 30-ஆம் நாள், கும்பினி ஆட்சியார் சென்னைச் செயின்ட் ஜார்ஜ் கோட்டையில் ‘பயனியர்’ என்னும் பெயரால் இரு கம்பெனிப் படைகளைத் திரட்டினர். படை செல்லும் முன்னே சென்று பாதை வெட்டுதல், ஆற்றிற்குப் பாலம் அமைத்தல், கோட்டை மதிலுக்குச் சுரங்கம் தோண்டுதல் ஆகியன அவர்தம் பணிகள். அவ்விரு கம்பெனிகளே வளர்ந்து ‘மதராஸ் சாப்பர்’ படையாயின. பின்னர்ப் பெங்களூரைத் தலைமையிடமாகக் கொண்ட அப்படை, இன்றும் மதராஸ் பொறியாளர் படைப்பிரிவு என்னும் பெயரால் இந்தியத் தரைப்படையில் புகழோடு விளங்குகின்றது. அப்படையின் வீரரைப் பிற படையினர் ‘தம்பி’ என்றே அன்போடு அழைப்பர். அச்சாப்பர் படையிலும், மதராஸ் பயனியர் படைகளிலும் பெருந்தொகையினராகச் சேர்ந்து பணியாற்றியோர் பறையர் குலத்தவர்.

அவர்கள் ஏன் சேர்ந்தனர்? விடையை அக்காலச் செங்கற்பட்டு மாவட்டத்தின் நிலையிலேயே காணலாம். அம்மாவட்டக் கலெக்டராய் இருந்த டிரமென்கீர் என்பார் 1891-இல் நம் மக்களின் நிலை குறித்து அரசுக்கு அறிக்கை ஒன்று அளித்தார். படியாள் என்னும் பெயரால் நிலக்கிழார்க்குக் கட்டுண்டு கிடந்ததையும், குடியிருக்கும் மனைகூடத் தமக்கு உரிமையாக இல்லாததையும் அவர் எடுத்துரைத்தார். பஞ்சமி நிலம் வழங்க வழிவகுத்த 1892-ஆம் ஆண்டு அரசாணைக்கு அவ்வறிக்கையே அடிப்படையாயிற்று. அத்தகைய நாளில் படையோ மாதச் சம்பளம் தந்தது; உடையும் உணவும் தந்தது; பணி முடிந்தபின் ஓய்வூதியம் தந்தது. ஊர்த் தெருவில் செருப்பணிந்து நடக்க இயலாதவன், படையில் பூட்சு அணிந்து அணிவகுத்து நடந்தான். இவ்வேறுபாட்டை உணர்ந்தோர்க்கு, நம் முன்னோர் படைக்குச் சென்றதன் காரணம் தானே விளங்கும்.

படையில் இருந்து கல்வியும் பிறந்தது என்பதை ஒரு கல்விக் கழகத்தின் மலரில் கூறாது விடல் தகாது. அண்ணல் அம்பேத்கரின் தந்தையார் இராம்ஜி சக்பால் படையில் சுபேதாராய் விளங்கியவர். படைப் பள்ளியில் ஆசிரியப் பணி புரிந்தவர். அண்ணல் 1891 ஏப்ரல் 14 அன்று பிறந்ததும் மாவ் என்னும் படை நகரிலேயே. ஒரு தலைமுறை துப்பாக்கி ஏந்தியமையால் அடுத்த தலைமுறை எழுதுகோல் ஏந்திற்று.

ஆயினும் அவ்வாயில் என்றும் திறந்திருக்கவில்லை. 1881 முதல் 1885 வரை சென்னைப் படைத் தலைவராகவும், பின்னர் 1893 வரை இந்தியப் படைத் தலைவராகவும் இருந்த இராபர்ட்ஸ் பிரபு, ‘போர்க்குலம்’ என்னும் கொள்கையைப் பெரிதும் போற்றியவர். தென்னாட்டார் போருக்குத் தகுதியற்றவர் என்பது அவர் கருத்து. அக்கொள்கை வலுப்பெறவே சென்னைக் காலாட்படைகள் குறைக்கப்பட்டன, சில கலைக்கப்பட்டன, சிலவற்றில் வடநாட்டார் நிரப்பப்பட்டனர். மராட்டிய நாட்டில் மகர் குலத்தவரைப் படையில் சேர்ப்பதும் அக்காலத்தில்தான் நிறுத்தப்பட்டது. எனினும் போர் மூண்டபோது ‘தகுதியற்றவர்’ வேண்டப்பட்டனர். 1914-இல் தொடங்கிய முதல் உலகப் போரில் மதராஸ் சாப்பர்களும், 61-ஆம் எண் முதலான பயனியர் படைகளும் ஆப்பிரிக்காவிலும் மெசபடோமியாவிலும் நின்றனர். போர் ஓய்ந்தது, சிக்கனம் கூறி 1933-இல் மதராஸ் பயனியர் படை முழுவதுமாகக் கலைக்கப்பட்டது. மீண்டும் போர் வந்தது. 1941-இல் மகர் படைப்பிரிவும், 1943-இல் சமார் படைப்பிரிவும் தோன்றின. கொகிமாப் போர்முனையைக் கண்ட சமார் படைப்பிரிவு 1946-இல் கலைக்கப்பட்டது. தேவை வந்தால் திறப்பதும் தேவை தீர்ந்தால் அடைப்பதுமாகிய இக்கதையை நம் இளைஞர் மறத்தல் கூடாது.

எண்ணும் பெயரும்

முதல் உலகப் போரில் இந்தியாவினின்று சென்றோர் பத்து இலட்சத்திற்கும் மேற்பட்டோர். மாண்டோர் ஏறத்தாழ 74,000 பேர். போரில் இறந்தோர்க்கு நினைவுச் சின்னம் எழுப்பும் பொறுப்பை, 1917-இல் நிறுவப்பட்ட போர்க் கல்லறை ஆணையம் ஏற்றது. பதவி, இனம், சமயம் எவையும் நோக்காது இறந்தோர் அனைவரையும் ஒருபடித்தாய்ப் போற்றுதல் அதன் கொள்கை. பிரான்சு நாட்டின் நவ் சாப்பெல் என்னுமிடத்தில் 1927-இல் திறக்கப்பட்ட நினைவுச் சின்னத்தில், அக்கொள்கைக்கேற்ப, இந்தியர் 4,700 பேரின் பெயர்கள் பொறிக்கப்பட்டன.

பஸ்ராவில் நடந்ததோ வேறு. மெசபடோமியாவில் மடிந்து, கல்லறை அறியப்படாதோர்க்காக 1929-இல் அங்கே நினைவுச் சின்னம் திறக்கப்பட்டது. வெள்ளையரின் பெயர்கள் பதவி வேறுபாடின்றிப் பொறிக்கப்பட்டன. இந்தியருள்ளோ அலுவலர் நிலையினர் பெயர்கள் மட்டுமே இடம்பெற்றன. சிப்பாய்களும் சாப்பர்களும், ‘இன்ன படையில் இத்தனை பேர்’ என்று எண்ணிக்கையாகவே குறிக்கப்பட்டனர். அவ்வாறு எண்ணாய் நின்றோர் முப்பதினாயிரத்திற்கும் மேற்பட்டோர். மேனாட்டார் கண்முன் உள்ள பிரான்சில் சிப்பாய்க்குப் பெயர் உண்டு; பாலைவனத்துப் பஸ்ராவில் அவனுக்குப் பெயர் இல்லை. கொள்கை ஒன்று, செயல் மற்றொன்று.

இக்குறையை அவ்வாணையமே பின்னர் ஒப்புக்கொண்டது. அது நியமித்த குழு 2021 ஏப்ரலில் வெளியிட்ட அறிக்கை, இந்தியர், ஆப்பிரிக்கர் முதலானோருள் 45,000 முதல் 54,000 பேர் வரை சமமற்ற முறையில் நினைவுகூரப்பட்டனர் என்றும், இலட்சத்திற்கும் மேற்பட்டோர் பெயரின்றியோ, நினைவுச் சின்னமே இன்றியோ விடப்பட்டனர் என்றும் கூறிற்று. ஆணையம் மன்னிப்பும் வேண்டிற்று. நூறாண்டு கழிந்த பின் வந்த மன்னிப்பு அது.

இதனை நம் நாட்டிலும் காணலாம். முதல் உலகப் போருக்குப் பின், ஆட்களை அனுப்பிய ஊர்களில் அரசு சிறு கல்வெட்டுகளைப் பதித்தது. ‘இவ்வூரினின்று 1914 முதல் 1919 வரை நடந்த பெரும்போருக்குச் சென்றோர் இத்தனை பேர், உயிர் துறந்தோர் இத்தனை பேர்’ என்பதே அவற்றின் செய்தி. அங்கும் எண் உண்டு, பெயர் இல்லை.

பெயர் பொறிப்பதால் என்ன பயன் என்று கேட்போர்க்குப் பீமா கோரேகான் விடை கூறும். 1818 சனவரி 1 அன்று நடந்த அப்போரின் நினைவுத் தூணில் மடிந்தோர் பெயர்கள் உள. அவற்றுள் ‘நாக்’ என முடியும் பெயர்கள் 22. அவை மகர் வீரர்க்கு உரியவை. அப்பெயர்கள் கல்லில் இருந்தமையாலன்றோ அண்ணல் அம்பேத்கர் 1927 சனவரி 1 அன்று அத்தூணின் முன் நின்றார். இன்று இலட்சக்கணக்கானோர் நிற்கின்றனர். வெறும் எண்ணாய் இருந்திருப்பின் அதனை எவர் தம் முன்னோர் என உரிமை கொண்டாடியிருப்பர்?

துப்பாக்கி ஏந்தாத படையினர்

மற்றொரு செய்தியும் கருதத் தக்கது. முதல் உலகப் போரின்போது சென்னை மாகாணத்தினின்று சேர்க்கப்பட்ட போர்வீரர் ஏறத்தாழ 51,000 பேர். போரிடாப் பணியாளர் ஏறத்தாழ 41,000 பேர். சுமை தூக்குவோர், குதிரை பேணுவோர், துப்புரவு செய்வோர், சமைப்போர், தொழிலாளர் படையினர் ஆகியோர் இரண்டாம் வகையினர். நம் முன்னோர் இவ்வகையிலும் சென்றனர். போரில் பணியாற்றியோர்க்கு அளித்த பிரிட்டிஷ் போர்ப் பதக்கம் வீரர்க்கு வெள்ளியாலும், இப்பணியாளர்க்கு வெண்கலத்தாலும் ஆனது. ஒரே போர், ஒரே பதக்கம், உலோகம் மட்டும் வேறு!

ஆகவே, பாட்டனார் வைத்திருந்த பதக்கம் வெண்கலமாயின் அதனை ‘மதிப்பற்றது’ எனத் தள்ளிவிடற்க. அவர் ‘சிப்பாய்’ அல்லர், ‘கூலி’ என்று நாணவும் வேண்டா. சாலை இட்டவனும் தண்ணீர் சுமந்தவனும் இன்றி எப்படையும் ஒரு நாள் நின்றதில்லை.

தேடும் முறை

இனித் தேடும் முறையை வரிசைப்படக் கூறுவோம்.

முதற்கண் வீட்டைத் தேடுக. முதல் உலகப் போர்ப் பதக்கத்தின் விளிம்பைக் கூர்ந்து நோக்கின், வீரரின் எண், பதவி, பெயர், படை ஆகியன ஆங்கிலத்தில் பொறிக்கப்பட்டிருக்கும். பதக்கத்தைப் புளியிட்டுத் தேய்த்துப் பளபளப்பாக்குதல் கூடாது, எழுத்து அழியும். படையினின்று விடுவித்த சான்றிதழ், ஓய்வூதியப் புத்தகம், நிழற்படம் ஆகியவற்றையும் தேடுக. நிழற்படத்தில் தொப்பியிலும் தோளிலும் உள்ள சின்னமே படையை உணர்த்திவிடும். பதக்கம் அடகுக் கடையில் மூழ்கிப்போன வீடுகளிலும் ஒரு பழைய தாள் எஞ்சியிருத்தல் கூடும்.

இரண்டாவதாக, மூத்தோரிடம் கேளுங்கள். அவர்கள் ஆண்டைக் கூறார்; நிகழ்ச்சியைக் கூறுவர். ‘எம்டன் குண்டு போட்ட வருஷம்’ என்றால் அது 1914. எம்டன் கப்பல் சென்னையைத் தாக்கியது அவ்வாண்டு செப்டம்பர் 22 அன்று. ‘பட்டணத்தைக் காலி செய்த காலம்’ என்றால் அது சப்பானியர் அச்சத்தால் மக்கள் சென்னையைவிட்டு வெளியேறிய 1942 ஏப்ரல். ‘ஆவடியில் மிலிட்டரி வந்த காலம்’ என்றால் இரண்டாம் உலகப் போரில் அங்குப் படைக் கிடங்குகள் எழுந்த காலம். ‘பஸ்ரா’ என்றால் பெரும்பாலும் முதற்போர். ‘இத்தாலி’ என்றால் இரண்டாம் போர். ‘பர்மா’ என்றாலும் பெரும்பாலும் அதுவே. கூறியவர் பெயர், வயது, கூறிய நாள் ஆகியவற்றையும் உடன் குறித்துக்கொள்க.

மூன்றாவதாக, ஊர்ப்பெயரில் கவனம் வேண்டும். திருவள்ளூர் மாவட்டம் 1997-இல் தோன்றியது. அதற்கு முன்னர் நம் ஊர்கள் செங்கற்பட்டு மாவட்டத்தைச் சார்ந்தவை. எனவே, பழைய ஏடுகளில் ‘திருவள்ளூர் மாவட்டம்’ எனத் தேடின் ஒன்றும் கிட்டாது. ‘சிங்கில்பட்’ எனத் தேடுதல் வேண்டும். கும்மிடிப்பூண்டிப் பகுதியார் பொன்னேரித் தாலுகாவின் பெயரிலும் தேடுக. நம் திருநின்றவூரோ ‘தின்னனூர்’ என்னும் மக்கள் வழக்காலேயே ஆங்கிலேயர் காலத்தில் எழுதப்பட்டது. ஆட்பெயரும் அவ்வாறே, முனுசாமி என்னும் ஒரு பெயரையே எழுத்தர் நால்வர் நான்கு விதமாக எழுதியிருப்பர். சாதிப் பெயரும் காலத்திற்கேற்ப மாறும். எம்.சி. ராஜாவின் முயற்சியால் 1922-இல் அரசு ‘ஆதிதிராவிடர்’ என்னும் பெயரை ஏற்கும் முன்னர், ஏடுகளில் இருந்தது பழைய பெயரே. கிறித்தவம் தழுவியோரைக் கிறித்தவர் என்றே எழுதியிருத்தலும் உண்டு. மகன் பெயரோடு தந்தை பெயரையும் ஒப்பிட்ட பின்னரே ‘இவர் நம்மவர்’ என முடிவு செய்க.

நான்காவதாக, பெயரும் எண்ணும் கிட்டிய பின்னர் அலுவலகங்களை நாடுக. சாப்பர் படையினர்க்குப் பெங்களூரில் உள்ள மதராஸ் பொறியாளர் படைப்பிரிவு மையம். அங்கு அருங்காட்சியகமும் உண்டு. மதராஸ் காலாட்படையினர்க்கு நீலகிரியில் வெலிங்டன் மையம். அரசாணைகளுக்கும் நில ஒப்படைக் கோப்புகளுக்கும் எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகம். படைகளின் போர்க்கால நாட்குறிப்புகளுக்குப் புதுதில்லித் தேசிய ஆவணக் காப்பகம். ஓய்வூதியம் பெற்றவராயின் முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தையும் அணுகலாம். எண் இன்றிப் பெயரை மட்டும் எழுதி அனுப்புதல் பெரும்பாலும் வீண். ஒரே பெயரினர் பலர் இருப்பர்.

ஐந்தாவதாக, போரில் இறந்தவராயின் போர்க் கல்லறை ஆணையத்தின் பதிவேட்டைக் காண்க. இஃது இணையத்தில் எவரும் காணுமாறு உள்ளது, கட்டணம் இல்லை. இந்து வீரர் உடல்கள் எரியூட்டப்பட்டமையால் அவர்க்குத் தனிக் கல்லறை இராது; தகன நினைவுச் சின்னங்களில் பெயர் இருக்கும். பர்மாப் போரில் மாண்டு கல்லறை அறியப்படாதோர் பெயர்கள் இரங்கூன் நினைவுச் சின்னத்திலும், மலேயாவில் மாண்டோர் பெயர்கள் சிங்கப்பூர் நினைவுச் சின்னத்திலும் உள. 1942-இல் மலேயாவில் சிறைப்பட்டோருள் நேதாஜியின் இந்திய தேசிய இராணுவத்தில் சேர்ந்தோரும் உண்டாதலின், அக்கோணத்திலும் தேடுதல் நன்று. இளைஞர்கள் ஒரு முறையேனும் சென்னை நந்தம்பாக்கத்தில் உள்ள போர்க் கல்லறைத் தோட்டத்திற்குச் சென்று, ஒவ்வொரு பெயரும் எத்துணைச் செம்மையாகப் பேணப்படுகின்றது என்பதை நேரிற் காண வேண்டும்.

செங்கற்பட்டு மண் தந்த சான்று

பெயர் நின்றால் வரலாறு எவ்வாறு நிற்கும் என்பதற்குப் பழைய செங்கற்பட்டு மாவட்டத்தினின்றே சான்று காட்டலாம். கீழ் ஒட்டிவாக்கம் என்னும் சிற்றூரில் 1912-இல் பிறந்தவர் சுப்பிரமணியன். மதராஸ் சாப்பர் படையில் சேர்ந்து சுபேதார் நிலைக்கு உயர்ந்தார். 1944 பிப்ரவரி 24 அன்று இத்தாலி நாட்டில் மிஞ்ஞானோ என்னும் ஊரருகே கண்ணிவெடிகளை அகற்றும் குழுவிற்குத் தலைமை தாங்கினார். உடன் வந்தவரின் காலடியில் கண்ணிவெடி ஒன்று கிளர்ந்தது. அது முழுதும் வெடிப்பதற்குள், தம் குழுவினரைக் காக்கும் பொருட்டு அதன்மேல் தாமே பாய்ந்து வீழ்ந்தார், உயிர் துறந்தார், மற்றையோர் பிழைத்தனர். அவ்வாண்டு சூன் 30 அன்று ஜார்ஜ் சிலுவை என்னும் உயரிய விருது அவர்க்கு அறிவிக்கப்பட்டது. அவர்தம் பெயர் இத்தாலியில் சங்ரோ ஆற்றங்கரைத் தகன நினைவுச் சின்னத்தில் பொறிக்கப்பட்டுள்ளது.

அவர் எக்குலத்தார் என்பது ஈண்டு வினா அன்று. நம்மைப் போன்றதொரு சிற்றூரினர். ஆயினும் ஊர், படை, நாள், இடம், செயல் ஐந்தும் அவர்க்குத் தெளிவாய் நிற்கின்றன. நம் முன்னோர் ஒவ்வொருவர்க்கும் விருது தேட வேண்டா. இவ்வைந்தனையும் தேடினாற் போதும்.

ஐயமும் விடையும்

“வெள்ளையர்க்காகப் போரிட்டது பெருமையா?” என்று நம் இளைஞருள் சிலர் வினவுகின்றனர். நல்ல வினாவே. பேரரசின் போர் நம் முன்னோர் விரும்பித் தொடுத்த போர் அன்று. அவர்கள் தேடியது சோறும் மானமும். ஊர் மறுத்ததைப் படை ஓரளவு தந்தது. அப்படையும் அவரை வேண்டும்போது கொண்டு, வேண்டாதபோது விலக்கியது. இவ்விரண்டையும் ஒருங்கே கூறுதலே வரலாறு. பேரரசைப் போற்றுதலும் வேண்டா. முன்னோரை மறத்தலும் வேண்டா. மேலும், அவர்கள் கற்ற தொழில் விடுதலை பெற்ற நாட்டிற்கும் பயன்பட்டது. 1948-இல் காசுமீரத்துச் சோசிலாக் கணவாயில் நம் பீரங்கி வண்டிகள் ஏறப் பாதை வெட்டியோர் மதராஸ் சாப்பர்களே.

மற்றோர் எச்சரிக்கையும் வேண்டும். சான்று காட்டும் அளவே எழுதுக. நாயக்காய் இருந்தவரைச் சுபேதார் என்றோ, பஸ்ரா சென்றவரைப் பிரான்சு சென்றார் என்றோ உயர்த்தி எழுதினால், பிறர் அதனைப் பொய்யெனக் காட்டும் நாளில் உண்மையும் உடன் வீழும். அவர் அவராக இருந்ததே போதும்.

செய்யத்தக்கது

பஞ்சாபில் முதல் உலகப் போருக்குச் சென்ற 3,20,000 வீரர் பற்றிய பதிவேடுகள் இலாகூர் அருங்காட்சியகத்தில் கிடந்தன. அவற்றை அறிஞர் ஆய்ந்து 2021-இல் இணையத்தில் வெளியிடத் தொடங்கினர். அந்நாட்டார் தம் கொள்ளுப் பாட்டனார் பெயரை ஊர்வாரியாகக் காண்கின்றனர். நாமும் பிறர் செய்து தருவர் எனக் காத்திராமல் நம் கழகத்தின் வாயிலாகவே தொடங்கலாம்.

கழகத்தில் ‘படைவீரர் பேரேடு’ ஒன்று வைக்க வேண்டும் என்பது எம் வேண்டுகோள். ஒரு வீரர்க்கு ஒரு பக்கம். பெயர், தந்தை பெயர், ஊர், படை எண், படை, பதவி, சென்ற நாடு, திரும்பிய ஆண்டு அல்லது மடிந்த நாள், சான்று எங்குள்ளது என்னும் குறிப்பு ஆகியன அதில் இடம்பெறுக. தெரியாத கட்டத்தை வெறுமையாகவே விடுக, பின்வருவோர் நிரப்புவர். பதக்கத்தையும் தாளையும் குடும்பத்தாரே வைத்துக்கொள்க. நிழற்படம் மட்டும் பேரேட்டில் ஒட்டுக. ஒன்பதாம் வகுப்பு, பத்தாம் வகுப்பு மாணவர் இருவர் இருவராக ஒவ்வொரு தெருவிற்கும் சென்றால், ஒரு கோடை விடுமுறையில் முதற்படி முடிந்துவிடும். விவரம் அறிந்த மூத்தோர் ஆண்டுதோறும் குறைந்து வருகின்றனர் என்பதை மட்டும் நினைவிற் கொள்க.

இளைஞர்காள்! பஸ்ராவின் கல்லில் நம்மவர் எண்ணாய் நின்றனர். ஊர்க் கல்வெட்டிலும் எண்ணாய் நின்றனர். நம் பேரேட்டிலேனும் அவர்கள் பெயரோடு நிற்கட்டும்.